சவலைப் பிள்ளை



நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வழங்கிய சொல் ஒன்று உண்டு. கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாயின் பின்னால், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் சிணுங்கி நிற்கும் மூத்த பிள்ளையை நினைத்துப் பாருங்கள். கைகால் குச்சியாக இருக்கும். வயிறு மட்டும் முன்தள்ளியிருக்கும். விளையாட்டில் மனம் செல்லாது. அந்தப் பிள்ளையைப் பார்த்துப் பாட்டி, ‘பாவம், சவலைப் பிள்ளை’ என்று சொல்லிப் பெருமூச்சு விடுவார்.

சவலை என்றால் என்ன? அடுத்த குழந்தை வந்துவிட்டதனால் தாய்ப்பாலை இழந்து மெலிந்த குழந்தை என்று பொருள். ஒரே சொல்லில் நோயும் இருக்கிறது. நோயின் காரணமும் இருக்கிறது.

ஆப்பிரிக்காவில் இன்று கானா என்று வழங்கும் நாட்டிலும் இப்படி ஒரு சொல் உண்டு. அங்குள்ள கா மொழி பேசும் தாய்மார் அதைக் குவாஷியோர்கர் என்றார்கள். இளைய பிள்ளை வந்ததும் மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் அங்கே பணியாற்றியபோது, கால் வீங்கி, தோல் உரிந்து இறந்த குழந்தைகளைக் கண்டார். 1933இல் அந்நோயை மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தார். 1935இல் அத்தாய்மார் வைத்திருந்த பெயரையே அதற்கு இட்டார். பாலை மறந்த குழந்தைக்கு வெறும் மக்காச்சோளக் கூழ் மட்டும் கொடுத்தால் இந்நோய் வருகிறது என்பதே அவர் கண்ட உண்மை. தமிழ்ப் பாட்டியும் ஆப்பிரிக்கத் தாயும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இருவரும் ஒன்றையே கண்டிருந்தனர்.

அப்படியானால் நேயர்களே, ஒரு கேள்வி எழுகிறது. நோயின் காரணத்தை இவ்வளவு தெளிவாக அறிந்திருந்த நம் முன்னோர், தோட்டத்துப் பிள்ளைகளை ஏன் காப்பாற்ற முடியாமல் தவித்தார்கள்? அந்த அறிவு எப்போது பலன் தந்தது? இதற்கு விடை நம் வரலாற்றில் இருக்கிறது. அதனைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கப்பலேறிப் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கிய நம்மவர் பலர், கடலைக் கடந்து செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். சஞ்சிக்கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதற்குள் ரப்பர்த் தோட்டங்கள் பெருகிவிட்டன. கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்து வந்தனர். வந்தவர்கள் மூட்டையில் பெரிய செல்வம் ஒன்றும் கொண்டு வரவில்லை. ஆனால் ஓர் உரைகல்லும், சுக்கு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய் முடிந்த சிறு துணியும் பல தாய்மாரிடம் இருந்தன. மாந்தம், கணம் என்று குழந்தை நோய்களைப் பிரித்துச் சொல்லும் பாலவாகடம் என்ற சித்த மருத்துவ நூலைப் படித்தவர் சிலரே. ஆனால் அதன் சாரம் பாட்டி வைத்தியமாகப் பல குடும்பங்களில் வாழ்ந்தது.

அவர்களுடன் வந்த இன்னொரு பெரிய செல்வம் புழுங்கல் அரிசி. அதன் மதிப்பு அவர்களுக்கே தெரியாது.

அக்காலத்தில் மலாயாவைப் பெரிபெரி என்னும் நோய் ஆட்டிப் படைத்தது. கால் மரத்துப் போகும், உடல் வீங்கும், இருதயம் தளரும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். ஆனால் அதே நாட்டில், அதே வெயிலிலும் மழையிலும் உழைத்த தமிழர்களுக்கு அந்நோய் அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சீனர்கள் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. குற்றம் அரிசியில்தான் இருக்கிறது என்று அவர் 1907இல் நூல் எழுதினார்.

கோலாலம்பூரில் மனநோயாளர் விடுதி ஒன்றில் டாக்டர் பிளெச்சர் 1905, 1906ஆம் ஆண்டுகளில் இதைச் சோதித்துப் பார்த்தார். ஏறத்தாழ 120 பேர் கொண்ட ஒரு பிரிவினருக்குப் பச்சரிசிச் சோறு, அதே அளவான இன்னொரு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசிச் சோறு. பச்சரிசி உண்டவர்களில் பலர் பெரிபெரியால் விழுந்தனர். 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர்களில் ஒருவர்கூட அந்நோயால் இறக்கவில்லை. பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர், நெகிரி செம்பிலானில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடையே சோதனை நடத்தி, 1909இல் இதே முடிவுக்கு வந்தனர்.

காரணம் என்ன? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கு உட்புறத் தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. பச்சரிசியில் அச்சத்து தவிட்டோடு போய்விடும். வைட்டமின் என்ற சொல்லே 1912இல்தான் பிறந்தது. நம் ஊர்ப் பெண்களோ அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே நெல்லை அவித்துக்கொண்டிருந்தார்கள்.

இதில் குழந்தைக்கு என்ன பங்கு என்று கேட்பீர்கள். பெரிய பங்கு உண்டு. தாயின் உடலில் இச்சத்து குறைந்தால் அவள் பாலிலும் குறையும். இரண்டு மூன்று மாதக் கைக்குழந்தை, கொழுகொழுவென்று இருக்கும்போதே திடீரென்று மூச்சுத் திணறி இறந்துவிடும். ஆக, புழுங்கல் சோறு உண்ட தாய் தன்னை மட்டுமல்லாமல் தன் மடியில் இருந்த குழந்தையையும் சேர்த்தே காத்தாள்.

நம் மரபின் பெருமை இது. ஆனால் பெருமை பேசுவதோடு நின்றுவிட்டால் நாம் வரலாற்றைப் பாதியாகவே படித்தவர்களாவோம். பெரிபெரியிலிருந்து தப்பிய அதே தோட்டத்தில் பிள்ளைகள் சவலையாகிக்கொண்டிருந்தார்கள். ஏன்?

விடியுமுன் பிரட்டுக்குப் போக வேண்டும். பிரட்டு முடிந்ததும் மரம் வெட்டப் போக வேண்டும். தாய் தன் குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓடினாள். அங்கே ஒரு மூதாட்டி பல பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். பால் கொடுக்கத் தாய் அருகில் இல்லை. கேழ்வரகைக் கழுவி, அரைத்து, வடிகட்டிக் கூழ் காய்ச்ச நேரமும் இல்லை. பாட்டி வைத்தியம் தெரிந்த பாட்டியோ கடலுக்கு அப்பால் ஊரிலேயே இருந்துவிட்டார். அறிவு இருந்தது, அதைச் செய்து முடிக்கும் கைக்கு ஓய்வு இல்லை.

அந்த இடைவெளியில் நுழைந்தது டின்பால். சீனி கலந்த கட்டிப்பாலைச் சுடுநீரில் கரைத்துப் புட்டியில் ஊற்றினால் குழந்தை அழுகையை நிறுத்திவிடும். ஆனால் அதில் வளரும் குழந்தைக்கு வேண்டிய சத்து போதாது. தண்ணீர் சுத்தமில்லாவிட்டால் பேதியும் சேர்ந்துகொள்ளும்.

நான் முன்னே சொன்ன டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1936இல் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். இங்கே தாய்ப்பால் குடித்து நன்றாக இருந்த குழந்தைகளை டின்பாலுக்கு மாற்றும்படி விற்பனையாளர்கள் தாய்மாரைத் தூண்டுவதைக் கண்டு கொதித்தார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், ‘பாலும் கொலையும்’ என்ற பொருள்பட ஒரு தலைப்பில் பேசினார். தவறான பாலைத் தாய்மார் மீது திணிப்பது கொலைக்குச் சமம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவர் பேச்சைக் கேட்டவர்கள் ஊரின் பெரிய வணிகர்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பிறகு போர் வந்தது. ஜப்பானியர் அவரைச் சாங்கிச் சிறையில் அடைத்தனர். சிறையில் பிறந்த இருபது குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தே வளர்ந்தன, இருபதும் பிழைத்தன என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். சிறைக்கு வெளியே நம் தோட்டங்களில் அது மரவள்ளிக்கிழங்குக் காலம். அரிசி கிடைக்கவில்லை. கிழங்கு பசியை ஆற்றும். உடலை வளர்க்கும் புரதம் அதில் மிகக் குறைவு. அந்நாட்களில் வீட்டுக் கொல்லை முருங்கையும் வேலியோரக் கீரையும் உயிர் காத்ததை மூத்தோர் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

இங்கே சற்று நின்று, பாட்டி வைத்தியத்தை நாம் நேர்மையாகப் புடைத்துப் பார்க்க வேண்டும். முறத்தில் போட்டால் மணியும் இருக்கும், பதரும் இருக்கும்.

மணி எது? தாய்ப்பால், புழுங்கல் அரிசி, கேழ்வரகு, பாசிப்பயறு, முருங்கைக்கீரை. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதன் சிறு பங்குகூட இல்லை. முருங்கைக்கீரையில் மாலைக்கண் நோயைத் தடுக்கும் சத்தும் இரும்புச் சத்தும் உண்டு. கஞ்சியில் பயறு சேர்ப்பது, அரிசியில் குறைவான புரதத்தை நிறைவு செய்யும் நல்ல முறை. சித்த மருத்துவம் உணவே மருந்து என்று போற்றுவதன் பொருள் இதுதான்.

பதர் எது? பிறந்ததும் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீச்சிவிடும் வழக்கம். அதுதான் குழந்தைக்கு இயற்கை போடும் முதல் தடுப்பு மருந்து. பேதியாகும்போது உணவையும் நீரையும் நிறுத்துவது இன்னொரு தவறு. வற்றிப்போவதனால்தான் குழந்தை இறக்கிறது. ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பதும் ஆகாது. அதில் நஞ்சு உண்டாக்கும் கிருமி இருக்கக்கூடும். வசம்பு முதலியவற்றைப் பச்சைக் குழந்தைக்கு உரைத்து ஊற்றுவதும் இன்று பாதுகாப்பானதாகக் கருதப்படுவதில்லை. ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும் என்பது 2001 முதல் உலகச் சுகாதார நிறுவனம் கூறிவரும் விதி. எல்லாவற்றிலும் பெரிய தவறு, உண்ண உணவில்லாமல் மெலிந்த பிள்ளைக்குத் தோஷம் என்று கயிறு கட்டிவிட்டுச் சும்மா இருப்பது.

மணியைப் பிரித்தாயிற்று. அதைப் பிள்ளையின் வாய்க்குக் கொண்டு சேர்ப்பது யார்? தாய் ஒருத்தியால் முடியாதபோது ஊர் கைகொடுக்க வேண்டும். இதைச் செய்து காட்டியது தமிழகம்.

1920இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கில் இருந்த தன் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தீர்மானித்தது. அப்போது தலைவராக இருந்தவர் சர் பிட்டி தியாகராயர். ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. சில ஆண்டுகளில் அது நின்றுபோயிற்று. 1956இல் முதலமைச்சர் காமராஜர், பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசுப் பணத்தோடு ஊரார் தந்த அரிசியும் காய்கறியும் சேர்ந்தே அந்த அடுப்பு எரிந்தது. 1982 ஜூலை முதல் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இரண்டு வயதுப் பிள்ளைக்கும் அதில் இடம் இருந்தது. வீண் செலவு என்று அன்று ஏசியவர்கள் உண்டு. 2001இல் இந்திய உச்ச நீதிமன்றமே நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டது.

ஆனால் நம் சவலைப் பிள்ளை பள்ளிக்கு வரும் வயதினன் அல்லவே! அவனுக்கு ஒன்றரை வயது, இரண்டு வயது. அவனைத் தேடி வீட்டுக்கே போன திட்டம் ஒன்று உண்டு. அதுதான் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். 1980இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதம் ஒருமுறை நிறுத்து எடை பார்த்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் ஏறத்தாழ மூன்று மாதம் சத்துருண்டை கொடுத்தார்கள். தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்ந்த அந்த உருண்டையைப் பல ஊர்களில் பெண்கள் குழுவாகக் கூடிச் செய்தார்கள்.

அதற்குப் பொறுப்பாளராக யாரைத் தேர்ந்தார்கள் தெரியுமா? அதே ஊரில், ஏழையாக இருந்தும் தன் பிள்ளையை நன்றாக வளர்த்திருந்த தாயை. அவளிடமே பாடம் இருக்கிறது என்று கண்டுகொண்டதுதான் அத்திட்டத்தின் அறிவு. ஆயிரக்கணக்கான கிராமங்களில் கடுமையான ஊட்டக்குறைவு கணிசமாகக் குறைந்தது. பாட்டியின் கைப்பக்குவமும், தராசும், பெண்களின் கூட்டுறவும் ஒன்று சேர்ந்தபோது சவலைப் பிள்ளை எழுந்து நடந்தான்.

நம் நாட்டிலும் முயற்சிகள் நடந்தன. 1969இல் சிலாங்கூரின் கோல லங்காட்டில் உணவு ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று தொடங்கி, பிறகு பல மாவட்டங்களுக்குப் பரவியது. 1979இல் பள்ளிகளில் துணையுணவுத் திட்டம் வந்தது. எடை குறைந்த ஏழைக் குழந்தைகளுக்கு மாதந்தோறும் உணவுப் பொருள் வழங்கும் திட்டத்தைச் சுகாதார அமைச்சு 1989இல் தொடங்கியது. ஆனால் தோட்டம் தனியார் நிலம். கிராம மேம்பாட்டுக்கென வந்த உதவிகள் பலவும் நெடுங்காலம் தோட்டத்து வாயிலிலேயே நின்றுவிட்டன. கம்பத்துப் பிள்ளைக்குக் கிடைத்தது, வேலிக்கு இப்புறம் இருந்த நம் பிள்ளைக்கு எளிதில் கிட்டவில்லை. இதை மறந்துவிடலாகாது.

அந்த வேலியைப் பற்றிப் பேசத் துணிந்தவர்கள் நம் பினாங்கில் இருந்தார்கள். எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் வளர்ந்த பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், டின்பாலையும் சத்தற்ற பண்டங்களையும் எதிர்த்துத் தமிழிலும் பிரசாரம் செய்தது. ஜார்ஜ் டவுனில் உலகப் பயனீட்டாளர் அமைப்பின் வட்டார அலுவலகத்தை நடத்திய அன்வார் ஃபசால், குழந்தைப்பால் நிறுவனங்களின் விளம்பரத்துக்குக் கடிவாளம் போடப் பல நாட்டாரோடு சேர்ந்து பாடுபட்டார். 1981இல் உலகச் சுகாதாரப் பேரவை அதற்கென ஒரு நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. தாய்ப்பாலுக்கான உலகக் கூட்டமைப்பு 1991இல் உருவாயிற்று. அதன் தலைமைச் செயலகம் பினாங்கில் அமைந்தது. 1992 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு முதல் வாரத்தை உலகமே தாய்ப்பால் வாரமாகக் கொண்டாடுகிறதென்றால், அதற்கு வித்திட்டது நம் ஊரில் இருந்து நடந்த வேலைதான். 1939இல் ஒரு பெண் தனியாக நின்று சொன்னதை, அரை நூற்றாண்டுக்குப் பின் ஒரு கூட்டமே சொல்லிற்று.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். 2019இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 21.8 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதாவது ஐந்தில் ஒரு குழந்தை. இன்று கடையில் பொருள் நிறைந்திருக்கிறது. பிள்ளையின் தட்டில் சத்து இல்லை.

நான் தோட்டப் பள்ளி ஆசிரியர். பணியில் சேர்ந்த புதிதில், முதல் பாடவேளையிலேயே மேசைமேல் தலை சாய்க்கும் ஒரு மாணவனைச் சோம்பேறி என்று கடிந்துகொண்டேன். ஒரு நாள் அவனிடம், “காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்டேன். “தேத்தண்ணி குடிச்சேன் சார்” என்றான். முந்தின இரவு? “மீ, சார்.” அன்று நான் வெட்கப்பட்டேன். பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்தும் முறைகள் எல்லாம் படித்தேன். பசித்த பிள்ளைக்கு எந்த முறையும் பலிக்காது என்பதை அவன்தான் கற்பித்தான். உணவோடு குடிக்கும் தேநீர், உணவில் இருக்கும் இரும்புச் சத்தையும் உடலில் சேரவிடாமல் தடுக்கும் என்பதைப் பிறகே அறிந்தேன்.

ஆகவே, தாய்மாரே, தந்தைமாரே, நம்மால் ஆவது என்ன? குழந்தையை மாதந்தோறும் அரசாங்கக் கிளினிக்கில் எடை போடுங்கள். வளர்ச்சிப் புத்தகத்தில் கோடு ஏறாமல் படுத்துவிட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். உதவி கேளுங்கள், அது நம் உரிமை. ஆறு மாதம் தாய்ப்பால். பிறகு தாய்ப்பாலோடு கேழ்வரகும் பயறும், முட்டையும் நெத்திலியும். இன்னொரு குழந்தை வந்துவிட்டால், மூத்ததற்கு ஒரு கவளம் கூடுதலாக ஊட்டுங்கள். வேலைக்குப் போகும் தாய்க்கு அக்கம்பக்கத்தார் முறைவைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பள்ளி ஓரத்தில் முருங்கையும் கீரையும் நடலாம்.

நாட்டு மருந்து வேண்டுமானால் பெட்டிக்கடைப் பொட்டலத்தை நம்ப வேண்டாம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் இந்திய மருத்துவம் உள்ளிட்ட பாரம்பரிய மருத்துவர்களைப் பதிவு செய்ய வழிவகுத்துள்ளது. பாரம்பரிய மருத்துவப் பிரிவு கொண்ட முதல் அரசாங்க மருத்துவமனையாக 2007இல் விளங்கியதும் நம் செபராங் பிறையின் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையே. ஆனால் மெலிந்த பிள்ளைக்கு முதல் மருந்து உணவுதான். அதன் பிறகே மற்றவை.

நேயர்களே, சவலை என்ற சொல்லை நம் பிள்ளைகள் இன்று அறியார். அச்சொல் வழக்கொழிந்து போனால் எனக்கு வருத்தமில்லை. அது குறிக்கும் பிள்ளை நம் லயத்திலும் நம் தாமானிலும் இல்லாமல் போன பிறகு, அச்சொல் அகராதியில் மட்டும் இருக்கட்டும்.